ஒல்மேதோ சுத்தம் செய்த பள்ளம்

எங்கள் சான் கிரிசாந்தோவில் ஒருவன் எப்படிப்பட்ட விவசாயி என்று தெரிய வேண்டுமானால் அவன் நிலத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். நடுவில் எல்லோரும்தான் களையெடுக்கிறார்கள். வேலிக்கரை, ஓடையோரம், வாழைக்குப் பின்னால் போகும் சரிவு, அங்கேயும் புல் இல்லாமல் வைத்திருப்பவனைத்தான் நாங்கள் மதிப்போம். அந்த வகையில் இந்த மலையில் ஒல்மேதோ தெரானுக்கு நிகர் ஒருவரும் இல்லை. என் கடைசி மகனைத் தேவாலயத்தில் கையில் ஏந்திய ஞானத்தந்தை அவர். அதனால் எனக்கு அவர் கொம்பாத்ரே. அந்த உறவு வந்துவிட்டால் இங்கே சண்டை போடலாம், ஆனால் பேசாமல் இருக்க முடியாது.

அவர் மனைவி திக்னா அடிக்கடி சொல்வாள்: "எனக்கு மூணு பிள்ளைங்க. அவருக்கு நாலு. நாலாவது அந்த வெட்டுக்கத்தி. அதுக்குத்தான் தினமும் எண்ணெய் தடவி விடறாரு."

கேலி இருக்கட்டும். அந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒல்மேதோவின் அப்பா இந்த மலைக்கு ஏறி வந்த காலத்தில் காட்டை வெட்டி உழைத்துக் காட்டியவனுக்குத்தான் நிலம் எழுதிக் கொடுத்தார்கள். மரம் நிற்கிற நிலம் என்றால் சும்மா கிடக்கிற நிலம், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ரம்பத்தின் ஒரு முனையை அப்பா பிடிக்க, மறுமுனையைப் பால் பல் விழாத ஒல்மேதோ பிடித்தார். இடையில் ஒரு மழைக்காலம் அப்பா காய்ச்சலில் படுத்தார். கீழ்ச்சரிவில் புதர் ஏறியது. அதைக் காட்டி வேறொரு குடும்பம் அந்தப் பாதியைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவர் கண்ணுக்குப் புல் வெறும் புல் இல்லை, நிலத்தைப் பிடுங்க வருகிறவனின் தலைதான் தெரியும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திக்னா என்னிடம் சொன்னாள்.

அவர் நிலத்தின் அடியில், ஓடைக்கு மேலே, ஒரு பள்ளம் மட்டும் காடாகவே கிடந்தது. அவ்வளவு செங்குத்து. மாடு இறங்காது, வாழை நிற்காது. அங்கேதான் பாறைச் சேவல் என்கிற காட்டுப் பறவைகள் கூடும். ஆண் பறவை பழுத்த மிளகாய் நிறம், அலகே தெரியாமல் மூடுகிற கொண்டை. விடியும் முன்னே ஒரு கூட்டமாக வந்து கொடிகளில் உட்கார்ந்து, குனிந்து நிமிர்ந்து, பன்றியைக் கட்டி இழுத்தால் கத்துமே, அப்படிக் கத்தும். பெட்டை தவிட்டு நிறத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கும். பிடித்தால் ஒருத்தனைத் தேர்ந்தெடுக்கும், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். எங்கள் ஊர்த் திருவிழா நடனத்தை விட ஒழுங்காக நடக்கிற காரியம் அது.

"விடிஞ்சா போதும், கத்த ஆரம்பிச்சிடுதுங்க" என்று ஒல்மேதோ புலம்பிக்கொண்டிருந்தார். பிறகு தலைநகர் கீத்தோவிலிருந்து ஹிமேனா என்றொரு பெண் பூச்சிகளைப் பற்றிப் படிக்க வந்தாள். அவர் வீட்டில் காப்பி குடிக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து அழுதாள். பறவைக்காக அழுகிற ஒரு ஆளை நாங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

அதன் பிறகு அவள் ஆட்களை அழைத்துவர ஆரம்பித்தாள். நாங்கள் விவசாயிகளாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். பள்ளத்தைப் பார்க்க வருகிறவர்கள் கொடுப்பதில் பாதி ஒல்மேதோவுக்கு, பாதி ஊர்க்காட்டுக்கு. ஊர்க்காடு என்பது எங்கள் தலைக்கு மேலே இருக்கும் மலை, யாருடைய சொந்தமும் இல்லை, எல்லோருடைய குழாய்த் தண்ணீரும் அங்கிருந்துதான் இறங்குகிறது. காவலுக்குப் போகிறவனுக்குக் கூலி, தண்ணீர்த் தொட்டிக்குச் சிமெண்ட், எல்லாம் அந்தப் பாதியில்தான். வருகிறவர்களுக்குக் காலை உணவு என் பொறுப்பு. பச்சை வாழைக்காயை வேகவைத்து இடித்து, பாலாடைக்கட்டி வைத்து உருட்டிப் பொரித்துக் கொடுப்பேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இது ஓடியதால்தான் பவுதிலியோவின் பருப்பு எங்களிடம் வேகவில்லை. பவுதிலியோ கீழ்நகரத்து ஆள், நரஞ்சியாப் பழம் பயிரிடுகிறவர். அந்தச் செடி புதிதாக வெட்டிய காட்டு மண்ணில்தான் செழிக்கும். சில வருடங்களில் வேரில் புழு வைக்கும், உடனே அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் வந்து ஊர்க்காட்டைக் குத்தகைக்குக் கேட்பார். "எங்களுக்குப் பறவை இருக்கு, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில்தான் ஒல்மேதோ கை வைத்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அதுதான் கொடுமை.

கோடையில் ஒரு பெரிய கூட்டம் வருவதாக ஹிமேனா சொல்லி அனுப்பினாள், பல நாட்டுக்காரர்கள். ஒல்மேதோவுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர்கள் நடந்து வருகிற வழி முழுக்கப் புதரும் கொடியும் அழுகிய இலையும். தன் நிலத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்ற கவலை. உடனே மிங்கா கூப்பிட்டார். மிங்கா என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் கருவியோடு வந்து ஊர் வேலையாகச் செய்வது. வராத வீட்டுக்கு அபராதம்.

வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். நான் பெரிய பானையில் கோழி சூப் வைத்தேன். இத்தனை ஆட்கள் அத்தனை கத்தியோடு அந்தப் பள்ளத்தில் இறங்கினால் என்ன மிஞ்சும்? தொங்கிய கொடிகளை எல்லாம் அறுத்தார்கள். இளங்கன்றுகளை அடியோடு சாய்த்தார்கள். இலைக் குப்பையைக் கூட்டி ஓடையில் தள்ளினார்கள். பெரிய மரங்களை மட்டும் விட்டு, நடுவில் படி வெட்டி, பலகை அறைந்து பெஞ்சும் போட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் தேவாலய முற்றம் மாதிரி இருந்தது. ஆளாளுக்குப் பெருமை.

"இப்பதான் இது மனுஷன் வந்து போற இடமா இருக்கு" என்றார் ஒல்மேதோ.

விருந்தாளிகள் வந்தார்கள். ஒல்மேதோ இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் நடந்தார். இருட்டிலேயே எல்லோரும் புதுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் வந்தது. நாலைந்து சேவல்கள் மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றின, ஒருமுறை கத்தின, போய்விட்டன. அவ்வளவுதான். பிறகு ஓடைச் சத்தம் மட்டும்.

ஹிமேனா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "ஒல்மேதோ ஐயா, கொடியெல்லாம் எங்க?"

"எல்லாம் வெட்டிட்டோம்மா! ஒரே குப்பையா கெடந்துச்சு. மூணு ஆள் ஒசரத்துக்குச் சேர்ந்துச்சுன்னா பாத்துக்கோ."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "அது மேலதான உக்காந்து ஆடும். இனிமே எது மேல ஆடும்?"

ஒல்மேதோவின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். அந்தப் பொத்தான் கையோடு வந்துவிட்டது.

அடுத்த நாட்களில் அவர் செய்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓடையில் தள்ளிய கொடிகளைத் தேடி இழுத்து வந்து, ஏணி வைத்து, கம்பியால் மரங்களில் கட்டினார். முடிச்சுகூட ஒரே அளவு. கொடிகள் காய்ந்து சருகாகித் தொங்கின. திக்னா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள். "அக்கா, அந்த மனுஷன் செத்த கொடிக்குத் தண்ணி ஊத்தறாரு" என்று என்னிடம் சொன்னாள்.

ஊர் சும்மா இருக்குமா? மிங்காவில் முன்வரிசையில் நின்று வெட்டியவர்கள்தான் முதலில் வாயைத் திறந்தார்கள். "அண்ணே, வானத்துலயும் கொஞ்சம் மேகம் கெடக்கு, அதையும் கூட்டி விடுங்க." விருந்தாளிகள் வருவது நின்றது. காவலுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. பவுதிலியோவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அந்த வருடக் கூட்டத்துக்கு அவர் முன்கூட்டியே வந்து வீடு வீடாக நுழைய ஆரம்பித்தார். பறவை இல்லை, வருமானம் இல்லை, காட்டைச் சும்மா வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பறவைகள் கிடைக்காவிட்டால் காடு போகும். காடு போனால் தண்ணீர் போகும். ஒல்மேதோவுக்கு இது தெரியும், அதற்குக் காரணம் தன் கை என்பதும் தெரியும்.

தினமும் விடியலில் ஓடையோரம் நடந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தப் பன்றிக் கத்தல் கேட்டது. எங்கிருந்து? ஓடைக்கு அந்தப் பக்கம், மெல்ச்சோரின் நிலத்திலிருந்து!

மெல்ச்சோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்மேதோ சுத்தத்தில் முதல் என்றால் இவன் கடைசி. அப்பன் விட்டுப்போன நல்ல நிலம், இவன் காலத்தில் முழுதும் புதர். வாழைத்தாரை வெட்டப் போவதற்குக்கூட இவனுக்கு வழி கிடையாது, பழுத்து விழுவதைப் பறவையும் அணிலும் தின்னும். வீட்டுக்கூரை மேல் பூசணி ஏறியிருக்கும், அதையும் பறிக்க மாட்டான். ஒல்மேதோவுக்கு இவனைக் கண்டால் ஆகாது. எல்லா ஊர்க்கூட்டத்திலும் எழுந்து, "எல்லையோரம் களையெடுக்காதவனுக்கு அபராதம் போடணும்" என்பார். பெயர் சொல்ல மாட்டார். எல்லோரும் திரும்பி மெல்ச்சோரைத்தான் பார்ப்பார்கள்.

அந்த மெல்ச்சோர், எங்கள் நேரம் பாருங்கள், அந்த மாதம்தான் ஜென்மத்தில் முதல்முறையாக வேலை செய்யத் தொடங்கியிருந்தான். புதுக் கத்தி வாங்கி, வீட்டிலிருந்து ஓடையை நோக்கி வெட்டிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தான். பாதிச் சரிவு முடிந்திருந்தது. மிச்சப் பாதியில் சேவல்கள்.

"அக்கா, நீங்களும் அவரோட போங்க. ரெண்டு பேர் கையிலயும் கத்தி இருக்கு" என்று திக்னா என்னை அனுப்பினாள்.

நாங்கள் போனபோது மெல்ச்சோர் ஒரு கொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒல்மேதோ தொப்பியைக் கழற்றினார். இவன் முன்னால் தொப்பி கழற்றியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"மெல்ச்சோர், நிறுத்துப்பா."

"எத?"

"வெட்டறத."

மெல்ச்சோர் என்னைப் பார்த்தான். "தர்ஹேலியா அக்கா, இவருக்கு என்ன, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. சொல்றத கேளு" என்றேன்.

"எத்தன வருசமா, ஒல்மேதோ அண்ணே, எத்தன வருசமா என் நிலத்தப் பாத்துக் காறித் துப்புனீங்க? போன கூட்டத்துல எனக்கு அபராதம் போடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"மூத்த சோம்பேறின்னு எனக்குப் பேரு வெச்சது யாரு?"

"அது நான் இல்ல. உங்கம்மா."

மெல்ச்சோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். ஒல்மேதோ பறவைகளைச் சொன்னார், ஊர்க்காட்டைச் சொன்னார், பவுதிலியோவைச் சொன்னார். இவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கத்தியைத் தரையில் குத்தினான்.

"எல்லாம் சரி. நான் எதுக்கு வெட்டறேன்னு கேட்டீங்களா? எல்மீரா சொல்லிட்டா. நெலத்தச் சுத்தம் பண்ணு, அப்புறம் வரேன், புதருக்குள்ள பாம்போட குடித்தனம் நடத்த என்னால முடியாதுன்னு."

எல்மீரா எங்கள் ஊர்தான். புருஷன் போன பிறகு முட்டை வியாபாரம் செய்து பிழைக்கிறவள். இவனை அவள் ஒரு பொருட்டாக எண்ணியதே எங்களுக்குப் புதுச் செய்தி.

"உங்களுக்குப் பறவை வேணும், ஊருக்குத் தண்ணி வேணும். எனக்கு ஒண்ணும் வேணாமா? அம்மா போனதுலருந்து இந்த வீட்ல நான் தனியா உக்காந்து சூப்பு குடிக்கறேன் அண்ணே. எதுத்தாப்புல ஒரு நாக்காலி இருக்கு. அத பாத்துக்கிட்டே குடிக்கறேன்."

இத்தனை வருடம் நாங்கள் எல்லோரும் அவன் புதரைத்தான் பார்த்தோமே தவிர அந்த நாற்காலியைப் பார்க்கவில்லை.

கடைசியில் மெல்ச்சோரே சொன்னான். "நீங்க அவகிட்ட சொல்லுங்க. என் நெலம் நல்ல நெலம்னு. தனியா வேணாம். கூட்டத்துல, எல்லாரு முன்னாடியும். சுத்தத்துக்குப் பேர் போன ஆளு சொன்னா அவ ஒருவேளை கேப்பா. அதுவரைக்கும் நான் கத்தியத் தொடல." பிறகு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். "தொடாம இருக்கறது எனக்கும் நல்லதுதான். பாருங்க கொப்புளத்த."

கூட்டம் பள்ளிக்கூட அறையில். பவுதிலியோ கரும்புச் சாராயம் கொண்டுவந்து முன்வரிசைக்கு ஊற்றிவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். சாலை போட்டுத் தருகிறேன், பிள்ளைகளுக்கு வேலை தருகிறேன் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

ஒல்மேதோ எழுந்தார். அவர் பேச எழுந்தால் அபராதத்தைப் பற்றித்தான் என்று எல்லோருக்கும் பழக்கம். பின்வரிசையில் ஒருத்தன், "இன்னிக்கு யாருக்கு?" என்றான்.

"எனக்குத்தான்" என்றார் ஒல்மேதோ. "பறவை எங்கயும் போகல. ஓட தாண்டி மெல்ச்சோர் நெலத்துல இருக்கு. நான் என் கண்ணால பாத்தேன். ஏன் அங்க போச்சு? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலைய நான் என் பள்ளத்துல நல்லா செஞ்சேன். அதனாலதான்."

அவர் எல்மீரா பக்கம் திரும்பினார்.

"எல்மீராம்மா. நான் பொறந்ததுலருந்து புல்லு வெட்டறவன். ஒரு நெலம் நல்லதா கெட்டதான்னு என்னக் கேட்டுத்தான் இந்த ஊர்ல பொண்ணு குடுப்பாங்க. அந்த வாயாலயே சொல்றேன். இந்த மலையில இன்னிக்கு இருக்கறதுலயே நல்ல நெலம் மெல்ச்சோரோடதுதான். அவன் அத வெட்டுனா நமக்குப் பறவ இல்ல, மேல காடும் இல்ல. அவன வெட்டச் சொல்லாத. அவன இத்தன வருசமா சோம்பேறின்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். மன்னிச்சிரு."

"நான் சோம்பேறிதான் அண்ணே" என்றான் மெல்ச்சோர் மூலையிலிருந்து. "பறவைய நெனச்செல்லாம் நான் விட்டு வெக்கல. பொய் சொல்லக் கூடாது."

சிரிப்பு வெடித்தது. எல்மீரா மட்டும் சிரிக்கவில்லை. முட்டைக் கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "வீட்டச் சுத்தி, கோழி மேயற அளவுக்கு வெட்டு. கொழாய்க்குப் போக ஒரு வழி. மத்தத நான் கேக்கல. ஆனா பாம்பு உள்ள வந்துச்சுன்னா நீதான் அடிக்கணும்."

"வீட்டச் சுத்தி நானே வந்து வெட்டித் தரேன்" என்றார் ஒல்மேதோ, பழக்கதோஷத்தில்.

"கத்தியோட என் நெலத்துல கால வெச்சுப் பாருங்க!" என்று கத்தினான் மெல்ச்சோர்.

கை தூக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் பவுதிலியோவின் சாராயம் குடித்தவர்களும் எங்கள் பக்கமே தூக்கினார்கள். பவுதிலியோ மிச்சப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். ஊர்க்காடு நின்றது.

சில வாரங்களில் ஹிமேனா மறுபடியும் ஆட்களைக் கொண்டுவந்தாள், இந்த முறை சிலர்தான். எங்களில் வழி தெரிந்தவர் ஒல்மேதோ, ஆகவே அவர்தான் அழைத்துப் போனார். இருட்டில் ஓடையைத் தாண்டி, மெல்ச்சோரின் புதருக்குள் குனிந்து நுழைந்து, கொடிகளை ஒதுக்காமல் உடம்பை வளைத்து எங்களுக்கு வழிகாட்டினார். ஒரு முள் அவர் காதைக் கிழித்தது. அதையும் அவர் ஒடிக்கவில்லை.

விடிந்தது. சேவல்கள் வந்தன. மூன்று பெட்டைகளும் வந்தன. அவை கத்திய கத்தலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. நான் எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒல்மேதோ மட்டும் பறவையைப் பார்க்காமல் வந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து வெயில் ஏறியபோது, வந்தவர்களில் வயதான ஒரு ஜெர்மன் அம்மாள் ஓடைக்கு அந்தப் பக்கம் கைகாட்டினாள். படியும் பெஞ்சும் கூட்டிய தரையுமாக அந்தப் பள்ளம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவள் ஏதோ சொல்ல, ஹிமேனா தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னாள்: "அந்தத் தோட்டம் எவ்வளவு அழகா, சுத்தமா இருக்கு, யாரோடதுன்னு கேக்கறாங்க."

பிறந்ததிலிருந்து அந்த ஒரு பாராட்டுக்காகத்தான் அந்த மனிதர் உழைத்திருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார்.

"என்னோடதுதான்னு சொல்லும்மா" என்றார். "அங்க ஒண்ணும் இல்லன்னும் சொல்லு."